நடையை எண்ணும் வாட்ச், எண்ணாமல் விடும் தண்ணி வண்டி

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கம் சபுராளிகள், அதாவது வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள், ஊர் திரும்பும்போது பெட்டியில் என்னென்ன இருக்கும் என்று சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும்: சென்ட், தைலம், பாதாம், போர்வை, சாக்லேட். சில வருடங்களாக அந்த வரிசையில் ஸ்மார்ட் வாட்ச்சும் உட்கார்ந்துவிட்டது. முதலில் தம்பிக்கும் மச்சானுக்கும் வந்தது, இப்போது உம்மாவுக்கும் வருகிறது. உம்மா மதுரைக்குப் போய் மார்பில் ஆபரேஷன், கீமோ, கரண்ட் என்று சொல்லும் கதிர்வீச்சு எல்லாம் முடித்து வீடு வந்தவர் என்றால் வாட்ச்சோடு ஒரு கட்டளையும் சேர்ந்து வரும்: "டெய்லி பத்தாயிரம் ஸ்டெப் நடங்க உம்மா, நான் இங்கேருந்து செக் பண்ணுவேன்."

மகனின் அக்கறையில் குறை சொல்ல எதுவும் இல்லை. அவர் கேள்விப்பட்டதும் சரிதான். புற்றுநோய்ச் சிகிச்சை முடித்தவர்கள் உடம்பை அசைக்க வேண்டும் என்பதற்கு இன்று நல்ல ஆதாரம் இருக்கிறது. கையில் கட்டும் கருவிகள் சிலரை நடக்க வைக்கின்றன என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. சிக்கல் அந்தக் கட்டளையின் இரண்டு பாதியிலும் உண்டு. பத்தாயிரம் என்ற எண் எங்கிருந்து வந்தது? செக் பண்ணுகிறவர் எதை வைத்துச் செக் பண்ணுகிறார்? ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் இரண்டாவது கேள்விதான் பெரியது என்பது என் கணிப்பு.

பத்தாயிரத்தை முதலில் முடித்துவிடலாம். எந்த மருத்துவமனையிலும் பிறந்த எண் அல்ல அது. 1964 டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த சூட்டோடு, 1965இல் ஜப்பானின் யமாசா நிறுவனம் இடுப்பில் மாட்டும் நடைமானி ஒன்றை விற்பனைக்கு விட்டது. பத்தாயிரம் அடி என்பதையே அதன் பெயரில் வைத்தார்கள். விளம்பரம் பலித்தது, அறுபது வருடம் கழித்தும் பல வாட்ச்சுகள் அதே எண்ணை இலக்காகப் போட்டுத்தான் கடையை விட்டு வருகின்றன. 2019இல் அமெரிக்காவில் ஐ-மின் லீ குழுவினர், சராசரி வயது 72 உள்ள 16,741 பெண்களின் நடையை அளந்து வெளியிட்டார்கள். நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு 41 சதவீதம் குறைவாக இருந்தது. 7,500ஐத் தாண்டிய பிறகு கூடுதல் பலன் பெரிதாகத் தெரியவில்லை. அவர்கள் புற்றுநோயாளிகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்ல, பொதுவாக வயதான பெண்கள். ஆனாலும் ஒன்று விளங்குகிறது: அடிமட்டத்தில் இருப்பவர் இன்னும் 1,700 அடி கூட்டினாலே கணக்கு மாறுகிறது. கீமோ முடித்துக் கொஞ்ச நாளே ஆனவரின் ஒரு நாள் நடை 2,000க்குள் இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அவர் முன்னால் 10,000ஐ நிறுத்தினால் மூன்றாம் நாள் வாட்ச் அலமாரிக்குப் போய்விடும்.

ரெஸ்ட் எடு என்ற காலம்

"கேன்சர் வந்த உடம்பு, அலுங்கக் கூடாது." இந்தப் பக்கம் சொந்தக்காரர்கள் பார்க்க வந்தால் பழத்தோடு இந்த அறிவுரையையும் வைத்துவிட்டுப் போவார்கள். அவர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை, ஒரு காலத்தில் மருத்துவர்களும் அதையேதான் சொன்னார்கள். மார்பக ஆபரேஷனில் அக்குளின் நிணநீர்க் கணுக்களை எடுத்த பெண்களிடம் அந்தக் கையால் குழந்தையைக்கூடத் தூக்காதே, கை வீங்கிவிடும் என்றார்கள்.

2009இல் கேத்ரின் ஷ்மிட்ஸ் குழுவினர் அதை நேராகச் சோதித்தார்கள். ஏற்கெனவே கைவீக்கம் இருந்த 141 பெண்களில் பாதிப் பேருக்கு வாரம் இருமுறை, கொஞ்சம் கொஞ்சமாக எடை கூட்டித் தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், வீக்கம் கூடியவர்கள் பயிற்சி எடுத்த குழுவில் 11 சதவீதம், எடுக்காத குழுவில் 12 சதவீதம். வீக்கம் திடீரென்று முற்றியது பயிற்சி எடுத்தவர்களில் 14 சதவீதம் பேருக்கு, எடுக்காதவர்களில் 29 சதவீதம் பேருக்கு. தூக்காதே என்று காத்துவந்த கைதான் கூடுதலாகத் தொந்தரவு கொடுத்திருக்கிறது.

அடுத்தது அசதி. சிகிச்சை முடித்தவர்களிடம் என்ன கஷ்டம் என்று கேட்டால் வலியைவிட முன்னால் வருவது இதுதான். தூங்கி எழுந்தாலும் தீராத அசதி. பாத்திரம் நான்கு கழுவினால் உட்காரச் சொல்லும். ஓய்வு எடுக்க எடுக்கத் தசை கரைகிறது, தசை கரையக் கரைய அசதி கூடுகிறது. 2017இல் 113 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஓர் அலசல், இந்த அசதிக்கு மருந்து மாத்திரையைவிட உடற்பயிற்சியும் மனநல ஆலோசனையும் நன்றாக வேலை செய்கின்றன என்று காட்டியது. 2019இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் அளவையும் சொன்னது: வாரம் மூன்று நாள் முப்பது முப்பது நிமிடம் மூச்சு வாங்கும் அளவு நடை, வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை.

ஆனால் நோய் திரும்ப வராமல் தடுக்குமா, உயிரைக் காக்குமா என்பது வேறு கேள்வி. நன்றாக இருப்பவர்கள்தானே நடப்பார்கள், நடந்ததால் நன்றாக இருந்தார்களா, நன்றாக இருந்ததால் நடந்தார்களா என்று விமர்சகர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்த வாயை அடைத்தது 2025 ஜூனில் வெளிவந்த சேலஞ்ச் ஆய்வு. பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோவும் முடித்த 889 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு உடற்பயிற்சி, உணவு பற்றிய கையேடு மட்டும். மறு பாதிக்கு மூன்று வருடம் கூடவே நின்று நடத்தும் பயிற்சித் திட்டம். ஐந்து வருடம் கழித்து நோய் திரும்பாமல் இருந்தவர்கள் பயிற்சிக் குழுவில் 80.3 சதவீதம், கையேட்டுக் குழுவில் 73.9. எட்டு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 90.3க்கு 83.2. ஒரு மாத்திரை இந்தப் பலனைக் கொடுத்திருந்தால் அதன் விலை நமக்கு எட்டாத உயரத்தில் இருந்திருக்கும்.

பலர் வேகமாகத் தாண்டிப்போகும் இடம் ஒன்று இதில் உண்டு. அந்த மூன்று வருடத்தில் நடந்தது என்ன? இலக்கு பெரிதாக ஒன்றுமில்லை: ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதற்கு மேல் வாரத்தில் மூன்று நான்கு நாள், 45 முதல் 60 நிமிடம் விறுவிறு நடை, அல்லது அதற்கு ஈடான வேறு ஏதாவது. அந்த இலக்குக்குப் பின்னால் ஒரு ஆள் இருந்தார். முதல் ஆறு மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நேரில் சந்திப்பு, பிறகு இடைவெளி மெல்லக் கூடும். என்ன செய்தாய், எது தடுத்தது, அடுத்த வாரம் எந்த நாள், எந்த நேரம் என்று உட்கார்ந்து பேசினார்கள். கையேடு வாங்கிப் போனவர்களுக்கும் விஷயம் தெரியும். அவர்களிடம் இல்லாதது திரும்பத் திரும்பக் கேட்க ஒரு ஆள். வெறும் நன்மை மட்டும் என்றும் சொல்லிவிட முடியாது. தசை, மூட்டுத் தொந்தரவு பயிற்சிக் குழுவில் 18.5 சதவீதம் பேருக்கு வந்தது, மற்றவர்களில் 11.5. இது பெருங்குடல் புற்றுநோய்க்கான முடிவு என்பதையும், சிகிச்சை முடித்த பிறகு செய்தது, சிகிச்சைக்குப் பதிலாகச் செய்ததல்ல என்பதையும் அடிக்கோடிட்டுக்கொள்ள வேண்டும். வாட்ஸ்அப்பில் இது எப்படித் திரிந்து வரும் என்று எனக்குத் தெரியும்.

மணிக்கட்டில் உட்கார்ந்து என்ன பார்க்கிறது?

வாட்ச்சுக்குள் முடுக்கமானி என்று ஒரு சில்லு இருக்கிறது. கை முன்னும் பின்னும், மேலும் கீழும், பக்கவாட்டிலும் அசைவதை நொடிக்குப் பல முறை அளக்கும். அந்த அலையில் நடைக்குரிய தாளம் தென்பட்டால் ஒன்று, இரண்டு என்று எண்ணும். எது நடை, எது நடையல்ல என்று பிரிக்கும் சூத்திரத்தை ஒவ்வொரு நிறுவனமும் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. அதனால் ஒரே ஆள் இரண்டு கையில் இரண்டு பிராண்டைக் கட்டி நடந்தால் இரண்டு எண் வரும்.

அது காலைப் பார்ப்பதே இல்லை, கையைத்தான் பார்க்கிறது. இது நம் ஊரில் எங்கே உதைக்கும் என்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம்.

ராமநாதபுரம் மாவட்டத்துக் கிராமங்களில் தண்ணி வண்டியைப் பார்க்காமல் இருக்க முடியாது. இரும்புக் கம்பியில் சட்டம் அடித்து, கீழே சின்னச் சக்கரம் வைத்து, குடம் உட்காரும்படி வளையம் போட்ட தள்ளுவண்டி. நான்கு குடம் பிடிக்கும், ஆறு குடமும் பிடிக்கும். குடத்துக்கு 12 லிட்டர் என்று வைத்தாலும் ஆறு குடத்துக்கு 72 கிலோ. ஊற்றில் அகப்பையால் அள்ளி நிரப்பி, மணல் தடத்தில் அதைத் தள்ளிக்கொண்டு வீடு வருவது எந்த ஜிம்முக்கும் குறையாத வேலை. அப்போது இரண்டு கையும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருக்கின்றன. மணிக்கட்டு ஆடுவதில்லை. கால் ஒரு கிலோமீட்டர் நடந்திருக்கும், வாட்ச் அதில் பாதியைக்கூட எண்ணாமல் விட்டிருக்கலாம். குழந்தை வண்டி, கடையில் தள்ளும் கூடை வண்டி, முதியவர்களின் வாக்கர் என்று கையை ஊன்றித் தள்ளும் எதிலும் கைக்கருவிகள் குறைத்து எண்ணுவது ஆய்வுகளில் பதிவான குறை. இடுப்பில் குடம் வைத்து நடந்தாலும் அணைத்த கை அசையாது. அந்த நாளின் கடுமையான உழைப்பு வாட்ச்சின் கண்ணில் ஓய்வு நேரம்.

சாயல்குடி பக்கம் திண்ணையில் உட்கார்ந்து பனையோலைப் பெட்டி முடைகிறவர் கையில் அதே வாட்ச் இருந்தால் நேர் எதிராக நடக்கலாம். ஒரே தாளத்தில் கை போய்வர, உட்கார்ந்த இடத்திலேயே சில நூறு அடி ஏறிவிடும். துபாயிலிருந்து செக் பண்ணும் மகனுக்கு, முடைந்த நாள் நல்ல நாளாகவும் தண்ணீர் எடுத்த நாள் சோம்பேறி நாளாகவும் தெரியும்.

இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. பட்டையைக் கழற்றி, அந்தச் சின்னக் கருவியை மட்டும் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டால் அடிக்கணக்கு பெரும்பாலும் திருந்திவிடும், ஏனென்றால் இடுப்பு ஒவ்வொரு அடிக்கும் அசைகிறது. மேலே சொன்ன 16,741 பெண்களுக்கும் இடுப்பில்தான் மாட்டினார்கள். கைபேசியே எண்ணுமே என்பார்கள். சேலையில் பாக்கெட் ஏது? கைபேசி அடுப்படி மாடத்தில் சார்ஜில் கிடக்கும், நடப்பவர் வேறு எங்கோ இருப்பார்.

அடுத்தது கடல். சின்னப்பாலம், பாம்பன் பக்கம் பாசி எடுக்கப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் சட்டையைப் போட்டு, விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி முங்குவார்கள். சிகிச்சை முடித்து ஓரளவு தேறியதும் திரும்பத் தண்ணீரில் இறங்க நினைப்பவர் இருப்பார். வீட்டில் உலை கொதிக்க வேண்டுமே. தண்ணீர் புகாது என்று அட்டையில் போட்டிருக்கும் ஐபி68 சோதனை நல்ல தண்ணீரில் செய்தது, மன்னார் வளைகுடாவில் அல்ல. உப்பு சார்ஜ் ஏறும் உலோக முனையை அரிக்கும். கட்டிக்கொண்டுதான் இறங்குவேன் என்றால் வெளியே வந்ததும் நல்ல தண்ணீரில் அலசித் துடைக்க வேண்டும். முங்கும் வேலையை அது சரியாகக் கணக்கெடுக்கும் என்று மட்டும் நம்ப வேண்டாம்.

நாடித்துடிப்பு இன்னொரு கதை. வாட்ச்சின் அடியில் மினுக்கும் பச்சை விளக்கின் ஒளியை ரத்தம் உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலுக்கடியில் ரத்தம் ஏறி இறங்க, திரும்பி வரும் ஒளியும் கூடிக் குறையும். அதை வைத்துத் துடிப்பை எண்ணுகிறது. பட்டை தளர்ந்திருந்தால், வியர்வையில் வழுக்கினால், கை வேகமாக ஆடினால் எண் பிசகும். புற்றுநோய்ச் சிகிச்சை எடுத்தவர்களுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல்: துடிப்பு சரியாக எண்ணப்பட்டாலும் அதன் பொருள் மாறியிருக்கும். சிவப்பு மருந்து என்று நோயாளிகள் சொல்லும் டாக்ஸோரூபிசின் இதயத் தசையைத் தொடக்கூடியது. சில மார்பகப் புற்றுநோய்களுக்குக் கொடுக்கும் டிராஸ்டுசுமாபும் அப்படித்தான். ரத்தச்சோகை இருந்தால் உட்கார்ந்திருக்கும்போதே துடிப்பு ஓடும். பிரஷருக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிட்டால் எவ்வளவு நடந்தாலும் துடிப்பு அவ்வளவாக ஏறாது. ஆகவே வயதைக் கழித்து வாட்ச் போடும் 'கொழுப்பு கரையும் மண்டலம்' போன்ற வண்ணப் பட்டைகளை இவர்கள் பார்க்காமல் விடுவதே நல்லது. பழைய சோதனை ஒன்று போதும்: நடக்கும்போது பக்கத்தில் வருகிறவரிடம் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் வேகம் போதாது. பேச்சே வராவிட்டால் குறைக்க வேண்டும்.

ஸ்ட்ரெஸ் மதிப்பெண், தூக்க மதிப்பெண், ஆக்சிஜன் இவற்றை அணைத்துவிடலாம் என்பது என் கருத்து. மறுபடி வந்துவிடுமோ என்ற பயத்தோடு இருப்பவரின் கையில் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு சாதனம் அதிர்ந்தால் அன்றைய தூக்கம் போச்சு.

வாட்ச் நடக்க வைக்குமா?

வைக்கும், ஓரளவு. 2022இல் ஏராளமான ஆய்வுத் தொகுப்புகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், இத்தகைய கருவி கட்டியவர்கள் நாளுக்கு ஏறத்தாழ 1,800 அடி கூடுதலாக நடந்தது தெரிந்தது. புற்றுநோயிலிருந்து மீண்டவர்களிடமே செய்த ஆய்வுகளில் ஆஸ்திரேலியாவின் ஆக்டிவேட் குறிப்பிடத்தக்கது. மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்த, மாதவிடாய் நின்ற, அதிகம் நடமாடாத 83 பெண்கள். பாதிப் பேருக்கு 12 வாரம் கார்மின் பட்டை ஒன்று கொடுத்தார்கள். மற்றவர்களோடு ஒப்பிட்டால் இவர்களின் விறுவிறு நடை வாரத்துக்கு 69 நிமிடம் கூடியது. இங்கேயும் பட்டை தனியாகப் போகவில்லை. முதலில் ஒருமுறை உட்கார்ந்து அவரவர் நிலையைக் காட்டி இலக்கு வைத்தார்கள், பிறகு ஐந்து முறை தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசினார்கள்.

கருவி மட்டும் போதாது என்பதற்கு வேறு இரண்டு ஆய்வுகள். இரண்டும் புற்றுநோய்க்காரர்களிடம் செய்தவை அல்ல. சிங்கப்பூரில் 800 ஊழியர்களிடம் நடந்த ஆய்வில், ஒரு பிரிவினருக்கு நடந்தால் காசு என்று சொல்லி ஃபிட்பிட் பட்டை கொடுத்துப் பார்த்தார்கள். காசு வந்தவரை நடந்தார்கள், காசு நின்றதும் நடையும் இறங்கியது. 2016இல் இது வெளிவந்தது. அதே வருடம் அமெரிக்காவில் உடல் எடை குறைக்க முயன்ற 471 இளைஞர்களிடம் நடந்த ஆய்வு இன்னும் சுருக்கென்று தைத்தது. இரண்டு வருட முடிவில் கருவி கட்டியவர்கள் 3.5 கிலோ குறைந்தார்கள், கட்டாதவர்கள் 5.9 கிலோ. ஏன் அப்படி என்று பலரும் பலவிதமாக விளக்கினார்கள். எனக்குத் தோன்றுவது: எண்ணைப் பார்த்துவிட்டாலே வேலை முடிந்த மாதிரி ஒரு திருப்தி வந்துவிடுகிறது.

இவை எல்லாம் ஒரே பக்கம்தான் கை காட்டுகின்றன. கருவி ஒரு எண்ணைக் கொடுக்கும். அந்த எண்ணை எடுத்துக்கொண்டு ஒருவர் பேச வேண்டும். பேசுகிறவருக்கு ஊர் தெரிந்திருக்க வேண்டும்.

"எங்க கிளம்பிட்ட?"

தங்கச்சிமடத்திலோ தேவிபட்டினத்திலோ ஐம்பது வயதுப் பெண் ஒருவர் சாயங்காலம் கையை வீசி வேகமாக நடந்தால், எதிரே வருகிற அத்தனை பேரும் "எங்க கிளம்பிட்ட?" என்று கேட்பார்கள். சும்மா நடக்கிறேன் என்று பதில் சொல்ல இங்கே யாருக்கும் பழக்கமில்லை. நடை என்றால் ஒரு காரியத்துக்கு. அதிலும் சிகிச்சை முடித்து முடி இன்னும் சரியாக வளராதவர் என்றால் கேள்வியோடு ஒரு பார்வையும் வரும். 2023 நவம்பரில் தமிழக அரசு மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கி.மீ. நடைபாதைகளை 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று தொடங்கிவைத்தது. நகரத்தில் இருப்பவருக்கு உதவும். மூக்கையூரில் இருப்பவர் நடக்க பஸ் ஏறிப் போவாரா?

நடைக்கு ஒரு காரியத்தைக் கொடுத்துவிடுவதே எளிது. ராமேஸ்வரத்தில் இருப்பவருக்குக் கோயிலின் மூன்றாம் பிரகாரம் இருக்கிறது. 1,212 தூண், வெயில் படாத கல் தரை, எத்தனை சுற்று சுற்றினாலும் யாரும் கேட்கமாட்டார்கள். ஏர்வாடியில் தர்கா, தங்கச்சிமடத்தில் கோயில் வளாகம், கீழக்கரையில் மொட்டைமாடி. கீழக்கரைப் பெண்கள் பலருக்கு மாடிதான் தோது. நோன்பு மாதத்தில் தராவீஹ் என்ற இரவுத் தொழுகை முடிந்த பிறகு நடந்தால் தண்ணீரும் குடித்துக்கொள்ளலாம்.

நேரமும் ஒரு பிரச்சினை. அதிகாலைதான் நல்லது என்று எல்லா மருத்துவப் பக்கங்களும் எழுதுகின்றன. மீனவக் குடும்பத்தில் அதிகாலை என்பது படகு கரைக்கு வரும் நேரம், ஏலம் நடக்கும் நேரம், தண்ணீர் வரும் நேரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு வீடுகளில் காலை கொஞ்சம் ஓயும், ஆனால் அப்போதுதான் கத்திரி வெயிலும். கடலோரப் புழுக்கத்தில் வியர்வை காயாது, காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. அதனால் பொழுது சாய்ந்து காற்று திரும்பிய பிறகு பத்து பத்து நிமிடமாக மூன்று தவணை நடந்தாலும் சரிதான். தொடர்ந்து முப்பது நிமிடம்தான் கணக்கு என்ற விதி எதுவும் இல்லை.

பாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பாக்லிடாக்செல், ஆக்சாலிபிளாட்டின் போன்ற கீமோ மருந்துகள் கை, கால் விரல் நுனி நரம்புகளை மரத்துப்போக வைக்கும். சிலருக்கு மருந்து நின்று வருடக்கணக்கில் நீடிக்கும். கடற்கரை மணலில் வெறுங்காலோடு நடந்து பழகியவருக்குச் சூடு உறைக்காது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். சீமைக்கருவேல முள் ஏறி உடைந்து உள்ளேயே இருந்தாலும் தெரியாது. இவர்கள் மணலை விட்டுக் கெட்டித் தரையில், மூடிய செருப்பு போட்டு நடக்க வேண்டும். ராத்திரி படுக்கும்முன் விளக்கு வெளிச்சத்தில் உள்ளங்காலை ஒரு முறை பார்த்துவிட வேண்டும். எந்த வாட்ச்சும் இதைப் பார்க்காது.

அக்குளில் கணு எடுத்தவர்கள் வாட்ச்சை மறு கையில் கட்ட வேண்டும். இரண்டு பக்கமும் எடுத்திருந்தால் இடுப்புச் சுருக்குப்பை. கை திடீரென்று சிவந்து சூடாகி வீங்கினால் நடையை நிறுத்தி அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். நெஞ்சுவலி, மயக்கம், புதிதாக வந்து விடாமல் குத்தும் எலும்பு வலி, காய்ச்சல் ஆகியவற்றுக்கும் அதே பதில். குடல் ஆபரேஷனுக்குப் பிறகு மலம் வெளியேற வயிற்றில் பை வைத்திருப்பவர்கள் கனம் தூக்கும்முன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை என்றேனே, அதை வாட்ச் ஏறத்தாழ எண்ணவே எண்ணாது. நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, மணல் நிரப்பிய அரை லிட்டர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது எல்லாம் வாட்ச்சுக்கு வெறும் பூஜ்யம். எண் ஏறவில்லையே என்று இதை விட்டுவிடுகிறார்கள். காலண்டரில் பேனாவால் ஒரு டிக் போட்டால் போதும்.

யார் கேட்பது?

ராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்கு ஏறத்தாழ 170 கி.மீ. 2022இல் ராமநாதபுரத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டாலும் புற்றுநோய் என்றால் மதுரைக்குப் போவது பழக்கமாகிவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிவ்யூ, கூட்டத்தில் சில நிமிடம். "நல்லா இருக்கீங்களா?" "இருக்கேன் சார்." சேலஞ்ச் ஆய்வில் நடந்த மாதிரி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து பேச அங்கே யாருக்கும் நேரம் இல்லை, அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது.

ஆனால் வீட்டு வாசலுக்கு வருகிறவர் ஒருவர் இருக்கிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்கத் தன்னார்வலர் வருகிறார். இயன்முறை மருத்துவரும் நோய்த் தணிப்பு செவிலியரும் அதில் உண்டு. வாட்ச்சின் எண்ணைப் படிக்கத் தகுந்த ஆள் துபாயில் இருக்கும் மகனைவிட இவர்தான் என்பேன். அந்தத் தெருவில் தண்ணீர் எந்த நாள் வரும் என்று இவருக்குத் தெரியும்.

இப்படி நடப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் வாரம் எந்த இலக்கும் இல்லை, சும்மா கட்டியிருக்க வேண்டும். ஏழு நாள் சராசரி 1,900 என்று வருகிறது. அடுத்த இரண்டு வாரத்துக்கு அதற்கு மேல் 500. முடிந்தால் இன்னொரு 500. 2007இல் நடைமானி ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் கண்டதும் இதுதான்: கருவியோடு ஒரு இலக்கும் இருந்தவர்களுக்குத்தான் நடை கூடியது. பிறகு பேச்சு இப்படிப் போகும்:

"மதினி, செவ்வாக்கிழமை 1,100தான் இருக்கு. முடியலையா?"

"அன்னிக்குத்தானத்தா ரெண்டு வண்டி தண்ணி எடுத்தேன். வந்து விழுந்தவதான்."

"அப்ப அது நடை இல்லாத நாள் இல்ல, வேலை கூடுன நாள். மறுநாளு புதன்?"

"புதன் எந்திரிக்கவே இல்ல."

எண்ணை மட்டும் பார்த்தால் செவ்வாய் குறைவு, புதன் குறைவு, திட்ட வேண்டியதுதான். பேசினால் வேறு தெரிகிறது. அளவுக்கு மீறி இழுத்து, மறுநாள் படுத்துவிட்டார். இவருக்குச் சொல்ல வேண்டியது கூட நட என்பதல்ல. இரண்டு வண்டியை இரண்டு நாளாகப் பிரி, அல்லது ஒரு வண்டியை மகனைத் தள்ளச் சொல். நாள் பூரா வேலை செய்வதும் உடற்பயிற்சியும் உடம்புக்கு ஒன்றல்ல. வேலைக்கு வேகத்தை நாம் வைப்பதில்லை, இளைப்பாற இடமும் இல்லை.

எண் திடீரென்று விழுந்து எழாமலே கிடந்தால் அது வேறு சேதி. நியூயார்க்கில், கீமோவும் ரேடியேஷனும் சேர்த்து எடுத்தவர்களின் அன்றாட அடிகளைக் கவனித்தபோது, நடை குறைந்தவர்கள் மருத்துவமனையில் சேர வேண்டிவருவது அதிகமாக இருந்தது. மூன்று மாதம் கழித்து வரும் ரிவ்யூவில் "இருக்கேன் சார்" என்று சொல்லப்போகிறவரின் ஒரு வார எண் சரிந்துகிடந்தால், தன்னார்வலர் அன்றைக்கே செவிலியருக்கு ஒரு போன் போடலாம்.

இந்த எண் இன்னும் யார் யாருக்குப் போகிறது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மலிவான பட்டைகளின் செயலிகள் பெயர், வயது, எடை, இருக்கும் இடம் எல்லாம் கேட்கும். இடத்தைக் கொடுக்காமலே அடி எண்ணலாம். நோயின் பெயரை எந்தக் கட்டத்திலும் எழுத வேண்டியதில்லை. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது என்றாலும், கொடுத்த பிறகு வழக்கு நடத்துவதைவிடக் கொடுக்காமல் இருப்பது சுலபம்.

வாங்குவதாக இருந்தால், விலை உயர்ந்தது தேவையில்லை. கைபேசியைத் திறக்காமல் வாட்ச் முகப்பிலேயே அடிக்கணக்கு பெரிய எழுத்தில் தெரிய வேண்டும். வீட்டில் இருக்கும் ஒரே ஸ்மார்ட்போன் வீட்டுக்காரரோடு கடலுக்குப் போய்விட்டால் இரண்டு மூன்று நாள் இணைப்பே இருக்காது. அதுவரை எண்ணைத் தனக்குள் சேர்த்துவைக்கும் பட்டைதான் இங்கே சரிப்படும். சார்ஜ் ஒரு வாரம் நிற்க வேண்டும். பட்டையைக் கழற்றிக் கருவியைத் தனியாக எடுக்க முடிகிறதா என்று கடையிலேயே கழற்றிப் பார்த்து வாங்க வேண்டும். இலக்கு என்ற இடத்தில் கம்பெனி போட்டுவைத்த 10,000ஐ அங்கேயே அழித்துவிடலாம்.